கடைசிக் கப்பலில் இருட்டு வேண்டும்!

ட்ரிங்... ட்ரிங்...!

மழை ஜன்னல் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்த மத்தியானம். டிராவல் ஏஜென்சியின் தொலைபேசி அலறியது.

எடுத்தார் ஏஜென்ட் அம்மாள்.

"வணக்கம். சொல்லுங்க..."

மறுமுனையில் ஓர் ஆண் குரல். கிசுகிசுப்பாக!

"மேடம்... வடகடல் பக்கம் கப்பல் டூர் போகணும். எந்த மாசம் ராத்திரி நல்லா கும்மிருட்டா இருக்கும்?"

அம்மாளின் பேனா நின்றது.

இத்தனை வருஷத் தொழிலில் எல்லாரும் வெளிச்சத்தைத்தான் கேட்டிருக்கிறார்கள். இருட்டைக் கேட்டவர் இவர்தான் முதல்!

"இருட்டா? எதுக்கு சார்?"

"நேர்ல வர்றேன்."

டொக்!

வந்தார். ஆறடி உயரம். அடர்ந்த மீசை. அடுத்த தெருப் பல் டாக்டர். தரை நனையக் கூடாதென்று குடையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேர் மேடம். நானும் என் மனைவியும்."

"அப்படின்னா கோடை ஆரம்பத்துல போங்க சார். மலை மேல பனி இருக்கும். உருகி அருவி அருவியா கொட்டும். நடுக்கோடைன்னா இன்னும் விசேஷம். அங்க சூரியன் மறையவே மறையாது!"

டாக்டரின் கண்கள் குழந்தையின் கண்களாக விரிந்தன.

"மறையவே மறையாதா?"

"ராத்திரியிலயும் டெக்ல உக்காந்து பேப்பர் படிக்கலாம்."

அவருடைய செல்போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"வேணாம் மேடம். சீசன் முடியறப்போ போற கடைசிக் கப்பல்தான் வேணும்."

"அப்ப ஊதக்காத்து அடிக்கும். அலையும் ஜாஸ்தி. வானத்துல பச்சை வெளிச்சம் தெரிஞ்சாலும் தெரியும். ஆனா பாதிக் கப்பல் காலி. டெக்ல ஈ, காக்கா இருக்காது..."

"அதான் வேணும்!"

மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏஜென்ட் அம்மாளின் தங்கைக்குப் புரை ஏறியது.

டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"பால்கனி வச்ச அறை. கோடியில இருக்கணும். பக்கத்து அறை காலியா இருந்தா நல்லது. அப்புறம்... தண்ணி ரொம்ப சில்லுனு இருக்குமா?"

"குளிக்கிற தண்ணியா சார்?"

"கடல் தண்ணி."

அம்மாளின் முதுகுத்தண்டில் அந்தக் கடல் தண்ணீரே இறங்கியது போல் இருந்தது!

"நாளைக்கு வாங்க சார். இடம் இருக்கான்னு பார்த்து உறுதி பண்றேன்."

டாக்டர் எழுந்தார். வாசலில் கால்மிதியடியின் ஓரம் மடங்கிக் கிடந்தது. குனிந்தார். அதை நீவிச் சரிசெய்துவிட்டுப் போனார்.

தங்கை பாய்ந்து வந்தாள்.

"அக்கா! அந்தாளு பொண்டாட்டியக் கடல்ல தள்ளப் போறான்!"

"வாயக் கழுவுடி."

"இருட்டு கேக்கறான். காலி டெக் கேக்கறான். இன்னும் என்னக்கா வேணும்? 'கொலைகாரன்'னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வரணுமா?"

அம்மாள் கண்களை மூடினார். கடவுளே! முகம் தெரியாத ஒரு பெண்ணின் உயிர்... என் பேனா முனையில் வந்து நிற்கிறதே!

போனை எடுத்தார். கணவரின் தம்பி இன்ஸ்பெக்டர்.

மறுநாள்.

டாக்டர் உள்ளே காலை வைத்ததும் கதவு சாத்தப்பட்டது. பின்னால் இன்ஸ்பெக்டர்!

"உக்காருங்க டாக்டர். மனைவிக்கு இருட்டு ரொம்பப் பிடிக்குமோ?"

டாக்டருக்கு வியர்த்தது.

"சார்... நீங்க எதுக்கு... இதெல்லாம் அவதான் கேக்கச் சொன்னா சார்! அவ கேட்டதா வெளியில தெரிய வேணாம்னு..."

"அடேங்கப்பா! சாகப் போறவ மேலயே பழியா? அண்ணி, நான் இவரைக் கூட்டிட்டுப் போறேன்."

"ஒரு நிமிஷம் தம்பி."

அம்மாளின் பார்வை வாசல் மிதியடி மேல் இருந்தது. யாரோ தடுக்கி விழக் கூடாதென்று குனிந்த மனிதர்... ஒருத்தியைத் தள்ளுவாரா?

"டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் தனியா பேசுவேன். அந்தம்மாகிட்டயும் பேசிடறேன். அப்புறம் கூட்டிட்டுப் போங்க."

"சரி. ஸ்பீக்கர்ல போடுங்க. டாக்டர், மூச்சு விடக் கூடாது!"

டாக்டர் சொன்ன எண்ணில் மணி அடித்தது. அடித்தது...

"ஹலோ..."

தேன் தடவிய குரல்!

"டிராவல் ஏஜென்சிலேர்ந்து பேசறேம்மா. கப்பல்ல எதுக்காவது பயப்படுவீங்களா? இருட்டு, உயரம், தண்ணி... சொன்னா அதுக்குத் தகுந்த அறையா பார்ப்பேன்."

மறுமுனையில் கலகலவென்று சிரிப்பு.

"எனக்கா? நான் மீன் மாதிரி நீந்துவேங்க. அவருக்குத்தான் தண்ணின்னா உதறல். நீச்சலே தெரியாது. ஆமா... அந்தப் பால்கனிக் கம்பி இடுப்பு உயரம்தானே இருக்கும்?"

தங்கை டம்ளரைக் கீழே வைத்தாள். இன்ஸ்பெக்டரின் புருவம் ஏறியது.

அம்மாளின் குரல் மாறவில்லை.

"பார்த்துச் சொல்றேம்மா. கப்பல்லேர்ந்து இறங்கினதும் வீட்டுக்கு வர ப்ளைட். ரெண்டு பேருக்கும் போட்டுடறேன்."

"ரெண்டா? எதுக்குங்க வீணா? திரும்பி வர ஒரு டிக்கெட் போதும்!"

இன்ஸ்பெக்டர் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார்.

வாய் தவறியது மறுமுனையில் அவளுக்கும் புரிந்துவிட்டது!

"அதாவது... அவர் அங்கயே தங்கிடுவார்..."

ஏஜென்ட் அம்மாள் மெல்லக் கேட்டார்.

"எங்கம்மா தங்குவார்?"

டொக்!

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு ஜீப்புக்கு ஓடினார்.

டாக்டர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரிய மீசைக்குக் கீழே உதடுகள் நடுங்கின.

"எதையும் வீணாக்க மாட்டா மேடம். பேஸ்ட் தீர்ந்தா ட்யூபை வெட்டி வழிச்சு எடுப்பா. நான் பெருமையா ஊரெல்லாம் சொல்லுவேன்..."

அம்மாள் சூடாக ஒரு டீயை அவர் கையில் வைத்தார். தங்கை தன் பங்குக்கு பிஸ்கெட்டை நகர்த்தினாள்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"பெட்டி கட்டிக்கிட்டு இருந்தா அண்ணி. வாசல்லயே மடக்கிட்டோம். வீடும் கிளினிக்கும் கைக்கு வரணும்னு திட்டம். எல்லாத்தையும் ஒத்துக்கிட்டா." டாக்டரிடம் திரும்பினார். "மன்னிச்சுக்குங்க சார். நான் உங்களைத்தான் உள்ளே தள்ளியிருப்பேன். அண்ணி எப்படித்தான் நிதானமா இருந்தாங்களோ!"

அம்மாள் சிரித்தார்.

"மிதியடியைக் கேட்டுப் பாருங்க தம்பி."

இன்ஸ்பெக்டர் புரியாமல் வாசலைப் பார்த்தார்.

மழை விட்டிருந்தது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேடம்... அந்த சூரியன் மறையாத மாசம்னு சொன்னீங்களே... நடுக்கோடை... அதுல எனக்கு ஓர் இடம் போடுங்க. கூட்டம் நிறைய இருக்கட்டும். பால்கனி வேணாம்."

"ஒரே டிக்கெட்தானே சார்?"

"ஆமா மேடம்." எழுந்தவர் வாசல் வரை போய்த் திரும்பினார். "ஆனா திரும்பி வர்றதுக்கும் சேர்த்துப் போட்டுடுங்க... வீணாகாது!"