நாடா முடிச்சு

பிளக்கைப் பிடுங்கி முழுதாக ஒரு நாள் ஆகியிருந்தது. ஆனாலும் ஆர்கனின் பின்பலகையைக் கழற்றியதும் உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று அவள் முகத்தில் பட்டது. சூடேறிய தூசியும் பழைய எண்ணெயும் கலந்த அந்த வாடை, கணவர் வாசித்து முடித்து எழுந்த பிறகும் வெகுநேரம் இந்த அறையை விட்டுப் போகாமல் நிற்குமே, அதே வாடை. அவர் போய் ஏழு மாதம் ஆகிறது.

வெளியே மழை பிற்பகலையே இருட்டாக்கியிருந்தது. ஆர்கனை ஏற்றிப்போக நாலு மணிக்கு வண்டி வரும். நாத்தனார் மகள் வாங்கிக்கொள்கிறேன் என்றிருந்தாள். தினமும் அதன் முகத்தில் விழிக்க இவளால் முடியவில்லை.

ஆர்கன் மெக்கானிக் போனில் இருந்தார்.

"உள்ள சுரம் எழுப்புற சக்கர வரிசை தெரியுதாம்மா? ரெண்டு ஓரத்துலயும் சிவப்பு நட்டு இருக்கும். இறுக்கிடுங்க. இல்லேன்னா வழியெல்லாம் ஆடி உடைஞ்சிடும்."

"பிளக்கை எடுத்தும் சூடா இருக்கே?"

"இருக்காதேம்மா. ஏதோ பிரமையா இருக்கும். புதுப்பொண்ணை அனுப்புற மாதிரி அலுங்காம குலுங்காம அனுப்பிடுங்க."

நட்டுகளை இறுக்கினாள். பலகையைப் பூட்டினாள். மிதிகட்டைகளைக் கழற்றிப் போர்வையில் சுற்றினாள். மிச்சம் ஒரே வேலைதான்: வழியில் துள்ளாமலிருக்க விசைக் கட்டைகளின்மேல் பஞ்சுப் பட்டை வைத்து, துணி நாடாவால் கட்ட வேண்டும். முன்பக்கம் வந்து உட்கார்ந்து முதல் முடிச்சைப் போட்டாள். கை நின்றுவிட்டது.

இதே முடிச்சுதான். கடைசி வாரத்தில், மூக்குக் குழாயைப் பிடுங்கிவிடுகிறார் என்று அவருடைய இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டியவள் அவள்தான். "கொஞ்ச நேரம்தாங்க. அப்புறம் அவுத்துடறேன்." அவருடைய விரல்கள் மட்டும் விரிப்பின்மேல் எதையோ வாசித்துக்கொண்டிருந்தன. நாற்காலியில் அவள் கண்ணயர்ந்தாள். விழித்தபோது விரல்கள் நின்றிருந்தன. முடிச்சு அப்படியே இருந்தது.

மனசைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டாவது முடிச்சையும் போட்டாள்.

டக்.

பட்டைக்கு அடியில் ஒரு கட்டை இறங்கி எழுந்தது. ஈரத்தில் மரம் ஊதியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். இன்னொன்று. பிறகு வரிசையாக, இடமிருந்து வலமாக. இசை இல்லை. வெறும் மரச்சத்தம். நாடா இழுபட்டுத் துடித்தது. கதவு நாலே அடியில் இருந்தது. ஓடியிருக்கலாம்.

ஓடவில்லை.

"இதோ... இதோ அவுத்துடறேங்க."

முடிச்சில் நகம் பிய்ந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். நாடா கழன்று விழுந்தது. பட்டையைத் தள்ளிவிட்டாள்.

சத்தம் நின்றது.

"தூங்கிட்டேங்க. வேணும்னு செய்யலீங்க." அழுதபடி இரண்டு கைகளையும் கட்டைகள்மேல் விரித்து வைத்தாள்.

வாசலில் வண்டி வந்து நின்றது. கதவு தட்டப்பட்டது.

"அம்மா! சாமான் ஏத்தணும், கதவைத் தொறங்க!"

எழப் பார்த்தாள். முடியவில்லை.

புறங்கைகளின்மேல் ஏதோ வந்து அமர்ந்தது. சில்லென்று. கனமாக. அவருடைய கைகளின் அகலத்தில். அவள் விரல்களோடு பத்துக் கட்டைகளும் அடிவரை இறங்கின.

"அம்மா?"

கைகளை இழுத்தாள். வரவில்லை. கண்ணுக்கு, கைகளின்மேல் எதுவுமே தெரியவில்லை. ஆனால் அவளுடைய ஒவ்வொரு விரலின்மேலும், விரல் நுனி அளவுக்கு, தோல் உள்ளே அமுங்கியது. வெளுத்தது. இன்னும் அமுங்கியது.