மேலே இருப்பதே கீழேயும்

முதலில் நின்றது பக்கத்து அறைப் பெரியவரின் இருமல். முதியோர் இல்லத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, சுவருக்கு அந்தப் பக்கம் சளி கரகரக்க இழுத்து இழுத்து இருமும் அந்தச் சத்தத்தை அவள் மனசுக்குள் திட்டாத நாள் இல்லை. இப்போது அது, யாரோ வாயைப் பொத்தியதுபோல், பாதியில் அறுந்தது. அப்பாடா என்று இருக்கவில்லை. காது அதையே தேடியது.

கம்ப்யூட்டரில் அவள் எழுதிய ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. இல்லத்தில் இருப்பவர்களின் விவரங்களைப் பழைய வார்டன் எக்செல்லில் அடித்து வைத்திருந்தார். மகா சோம்பேறி அந்த அம்மா. அறை எண்ணை ஒரே ஒரு தடவை போடுவார். அதே அறையில் இருக்கும் மற்றவர்களுக்குக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார். மேலே இருப்பதுதான் கீழேயும் என்று மனிதர்களுக்குப் புரியும், டேட்டாபேஸுக்குப் புரியுமா? அதனால், எந்தக் காலிக் கட்டம் வந்தாலும் மேல் கட்டத்தில் இருப்பதை எடுத்து நிரப்பி, ஒவ்வொருவராகத் தலைமை அலுவலக டேட்டாபேஸில் ஏற்றும்படி எழுதியிருந்தாள். சாயங்காலத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று மேனேஜர் காலையிலிருந்து உயிரை எடுத்ததில், சரிபார்க்காமலேயே ஓட்டிவிட்டாள்.

வெளியே மழை இருட்டு கட்டியிருந்தது. ஜன்னல்களெல்லாம் சாத்தியிருந்தும், தாழ்வாரத்தின் பினாயில் நெடியை மீறி ஈர மண் வாசனை மெல்ல உள்ளே வந்து மேசையடியில் தங்கியது. நாள் முழுக்க நர்ஸைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும் பாட்டியின் குரல் நின்றது. அதற்கும் அப்பால், எப்போதும் முனகிக்கொண்டிருப்பவரின் முனகல். நின்றது.

அவள் திரையை உற்றுப் பார்த்தாள்.

இறந்த நாள் என்று ஒரு கட்டம். உயிரோடு இருப்பவர்களுக்கு அது காலியாகத்தான் இருக்கும். முதல் அறையின் முதல் பெயர், போன மழைக்காலத்தில் இறந்துபோன ஒரு மாமியுடையது. அந்தத் தேதி கீழே இறங்கியிருந்தது. அடுத்தவருக்கு. அதற்கடுத்தவருக்கு. எல்லோருக்கும் அதே நாள்.

கடைசி அறையில் அவள் அப்பா. கண் முன்னாலேயே இருக்கட்டும் என்று அவள்தான் பிடிவாதமாக இங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. ஒயரைப் பிடுங்கினாள். திரை அணைவதற்குள் கடைசி வரி ஏறியிருந்தது.

ஓடினாள். தாழ்வாரம். திறந்த கதவுகள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள்கூட எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் போகும் பக்கமெல்லாம் முகங்கள் திரும்பின.

கடைசி அறை.

"வாம்மா. ஏன் இப்படி ஓடி வர்ற?"

அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்றிருந்தது. நகக்கண்களில் ஈர மண்.

மார்பில் காதை வைத்தாள்.

ஒன்றுமில்லை. ஏறவில்லை, இறங்கவில்லை.

"அப்பா, மூச்சு விடுங்கப்பா."

அப்பா அவள் தலையை மெதுவாகத் தடவிக் கொடுத்தார்.

"எதுக்கும்மா?" என்றார்.