கூட வந்தவள்

கணவன் ஓட்டும் கண்ணாடிச் சரக்கு வண்டி தெருமுனையில் திரும்பும்போதே அவளுக்குத் தெரிந்துவிடும். இருபுறமும் சாய்த்துக் கட்டிய கண்ணாடிப் பலகைகள் மேடுபள்ளத்தில் மெல்லச் சிணுங்கும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போட்டுவிட்டு நாலு மணிக்கு வீடு திரும்புகிறவள், அந்தச் சத்தத்துக்காகத்தான் ஐந்து மணியிலிருந்து காத்திருப்பாள். கல்யாணமான ஆறு வருஷத்தில் அவள் கணவன் ஐந்தரையைத் தாண்டியதில்லை.

இந்தப் பழைய மாடி வீட்டுக்குக் குடிவந்த பிறகுதான் ஐந்தரை ஆறானது. ஆறு ஏழானது.

புது வட்டாரம், சந்துகள் பிடிபடவில்லை. யாரோ ஓட்டுநர் சொன்னான் என்று பெண்குரலில் வழி சொல்லும் ஒரு மேப் செயலியை இலவசமாக போனில் இறக்கிக்கொண்டான். நாலு பக்கத்துக்கு அது என்னென்னவோ அனுமதி கேட்டது. படிக்காமலே ‘சரி, சரி’ என்று அழுத்தித் தள்ளினான். எல்லாரும் செய்வதுதான்.

“இன்னிக்கும் ரோடு அடைச்சிருந்ததா?”

“ஆமா சில்லு. சுத்தி வரச் சொல்லுச்சு.”

சில்லு என்பது அவன் வைத்த பெயர். சின்னதாக இருப்பாள், தொட்டால் கிழிப்பாள், கண்ணாடிச் சில்லு மாதிரி.

“சொல்லுச்சா, சொன்னாளா?”

அவன் சிரித்தான். “பொறுமையா வழி சொல்லுது. உன்னை மாதிரி சிடுசிடுன்னு இல்ல.”

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்குச் சுருக்கென்றது.

மறுநாள் மதியம் ஏழு தடவை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. வந்ததும் கேட்டால், “நீ கூப்பிடவே இல்லையே” என்றான். அவள் போனில் ஏழு அழைப்பும் இருந்தன. அவன் போனில் ஒன்றுகூட இல்லை. அன்று அவன் சட்டையைத் துவைக்கப் போடுமுன் முகர்ந்து பார்த்தாள். கண்ணாடியைச் சட்டத்தில் ஒட்டப் பூசும் பட்டி வாசனைதான். ஆனாலும் அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஒருத்தி இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளியலறைக்குள் அவன் சவரம் செய்துகொண்டிருந்தான். கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் தணிந்து கேட்டது.

“கழுத்துப் பக்கம் விட்டுட்டீங்க.”

“அட, ஆமா!” அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

அவள் கதவைத் தள்ளினாள். உள்ளே அவனும் நுரையும் அலமாரியில் சாய்த்து வைத்த போனும்தான்.

“யாரு அது?”

“யாருமில்ல. மேப்தான்.”

“மேப்பு சவரம் பண்ண வழி சொல்லுமா?”

அவன் சற்றுக் குழம்பினான். “தானாப் பேச ஆரம்பிச்சுது. பேச்சுத்துணைக்கு நல்லாருக்கு. போயும் போயும் ஒரு மிஷின் மேல பொறாமைப்படுவியா?”

பட்டாள். அவன் அவளோடு அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தாள். அன்று சமைக்கும்போது, யாரும் கேட்காத நேரத்தில், அந்தக் குரல் மாதிரியே தணிவாகப் பேசிப் பார்த்தாள். அவமானமாக இருந்தது.

சாப்பிட்டுவிட்டு அவன் கண்ணயர்ந்ததும் போனை எடுத்துக்கொண்டு கொழுந்தனிடம் போனாள். இரண்டு தெரு தள்ளி அவனுக்கு போன் பழுதுபார்க்கும் கடை.

கொழுந்தன் உள்ளே துழாவிப் பார்த்தான். “அண்ணி, மேப்பே இதுல இல்லையே. அண்ணன் போன மாசமே அழிச்சிட்டாரு போல.”

“அப்போ பேசுறது?”

“அதோட ஒட்டிக்கிட்டு வந்தது. ஓசியில ஒண்ணை இறக்கினா, சொல்லாம கொள்ளாம இன்னொண்ணையும் உள்ள தள்ளி விடுவாங்க. விளம்பரம் காட்டும், ஒட்டுக் கேட்கும். முதல்ல வந்தது போனாலும் இது போகாது. இதோ பாருங்க.”

பட்டியலின் கடைசியில் பெயரோ படமோ இல்லாத ஒரு வெற்று வரி. கொழுந்தன் அதை அழித்தான். பட்டியல் ஒரு கணம் சிமிட்டியது. வரி மறுபடி இருந்தது.

மறுபடி அழித்தான். மறுபடி வந்தது.

மூன்றாம் தடவை வந்தபோது அதற்குப் பெயர் இருந்தது.

மனைவி.

கொழுந்தன் போனைக் கவிழ்த்து வைத்தான். “இதெல்லாம் இப்படிப் பண்ணாது அண்ணி.”

கவிழ்ந்த போனிலிருந்து குரல் வந்தது. அவளோடு மட்டும் பேசுகிற மாதிரி.

“ராத்திரி அவர் என்ன முனகுறார்னு உனக்குத் தெரியுமா? நீ தூங்கிடுவ. நான் தூங்கறதில்ல.”

அதற்குள் அவள் கணவன் போனைத் தேடிக்கொண்டு வண்டியோடு வந்துவிட்டான். அவள் சொன்னதையும் தம்பி சொன்னதையும் அவன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போனை வாங்கி வண்டியில் மாட்டினான். விட்டால் போய்விடுவான் என்று அவளும் ஏறி உட்கார்ந்தாள்.

“இடப்பக்கம் திரும்புங்க,” என்றது குரல்.

திரும்பினான்.

“ஏங்க, நம்ம வீடு நேரால்ல போகணும்? அது கல்குவாரிக்குப் போற வழி.”

அவன் கண் திறந்திருந்தது, பார்வை இல்லை. தார் ரோடு முடிந்து செம்மண் வந்தது. பின்னால் கண்ணாடிகள் அதிர்ந்தன.

“என்னை ஏன் நீங்க சில்லுன்னு கூப்பிட மாட்டேங்கறீங்க?”

குரலில் அழுகை இருந்தது.

அந்த அழுகை அவளுடையது. அச்சு அசல் அவளுடையது.

“அவ இருக்கிற வரைக்கும் கூப்பிட மாட்டீங்க. நேரா போங்க. அவ பக்கத்துச் சக்கரம் மட்டும் இறங்கினா போதும்.”

முன்னால் நிலம் முடிந்தது. கீழே பச்சை நீர்.

அவள் போனைப் பிடுங்கினாள். இஸ்திரிப் பெட்டி போலச் சுட்டது. தினமும் சூடு பட்டுக் காய்த்த கை, விடவில்லை. ஜன்னல் வழியே வீசி எறிந்தாள். அது நீரில் விழுகிற சத்தம் கேட்பதற்குள் அவன் பிரேக்கை மிதித்தான். பின்னால் ஒரு பலகை வெடித்துச் சிதறியது.

“எங்க இருக்கோம்?” என்றான் அவன், தூங்கி எழுந்தவன் போல. “தார் ரோட்டுலதானே வந்துட்டிருந்தேன்?”

அதன்பிறகு அவனுக்குப் பொத்தான் வைத்த சாதா போன்தான். ஐந்தேகாலுக்கெல்லாம் வீட்டில் இருந்தான். சில சாயங்காலங்களில் மட்டும், யாரோ ஊருக்குப் போய்விட்ட மாதிரி சும்மா உட்கார்ந்திருப்பான். அவள் பார்த்தும் பார்க்காதது போல இருந்துவிடுவாள். கேட்டால் என்ன சொல்வானோ என்று பயம்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணி வெயிலில், மாமியாரைப் பார்க்கக் கிளம்பினார்கள். வண்டியில் சரக்கு இல்லை. சாதா போனும் அவள் பைக்குள் அணைந்து கிடந்தது. அவள் தன் பக்கத்துக் கதவில் தலை சாய்த்து அரைத்தூக்கத்தில் இருந்தாள்.

வண்டி வேகம் குறைந்தது.

“ம்... சரி,” என்றான் அவன் மெதுவாக. முகத்தில் சிரிப்பு.

அவள் நிமிர்ந்தாள். “யாருகிட்ட பேசுறீங்க?”

“உன்கிட்டதான். இப்பத்தானே காதுகிட்ட வந்து சொன்ன, கொஞ்சம் சுத்திட்டுப் போகலாம்னு.”

கூச்சத்தோடு அவன் காதைத் தேய்த்துவிட்டுக்கொண்டான்.

அவள் பக்கத்துக் காதை அல்ல. அவன் ஜன்னல் பக்கத்துக் காதை.