சந்தை நாளின் ரேகை

ரேலீன் கோம்ஸ் கடைக்குள் வந்தபோது அழுது முடித்திருந்தாள். அவளுடைய கார் மறுபடியும் படுத்துவிட்டதால் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஹோபர்ட்தான் அதில் அவளை ஏற்றி வந்திருந்தார். அவர் குளிர்பெட்டியிலிருந்து ஒரு கோலா பாட்டில் எடுத்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் வேர்க்கடலையைக் கொட்டி, கட்டைவிரலால் அதன் வாயை அடைத்துக் குலுக்கினார். அந்த விரலில் குறுக்கே ஒரு பழைய வெட்டு. பேருந்தில் ஏறும் பிள்ளைகள் கேட்டால் கரடி கடித்தது என்பார். இரண்டு தலைமுறைப் பிள்ளைகள் அதை நம்பிவிட்டார்கள்.

எங்கள் கென்டக்கி மலையூரில் பள்ளி வேலை வேண்டுமானால், பாடம் நடத்துபவரானாலும் தரை துடைப்பவரானாலும், ஆர்வில் ஸ்டிடமின் கடையில் பத்து விரலையும் பதித்தாக வேண்டும். ஷெரிப் என்னும் வட்டாரக் காவல் தலைவரின் அலுவலகத்தில் விரல்ரேகை ஒப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் ஆர்வில். பக்கத்து மேசையில் பத்திரங்களுக்கு முத்திரை குத்தும் மேவிஸ் துப்பறியும் கதைகளையே தின்று வளர்ந்தவள்.

"ஆர்வில் ஐயா, நான் திருடியாம்!" என்றாள் ரேலீன். "எண்பத்தேழாம் வருஷம், நம்ம சந்தையில, எலுமிச்சை ஜூஸ் கடைக் கல்லாப்பெட்டியைத் தூக்கிட்டேனாம். பிடிபட்டவன் பேரு ஏதோ ஆம்பளைப் பேரு. ஆனா ரேகை என்னுதாம். பேரை மாத்தலாம், ரேகையை மாத்த முடியாதுன்னு பள்ளி ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

"அப்போ உனக்கு என்ன வயசு?"

"ஒன்பது! சாப்பாட்டு வேலைக்கு ரேகை கேக்காத காலத்துல சேர்ந்து, பள்ளிக்கூடத்துல இத்தனை வருஷம் பரிமாறி, ராத்திரி படிச்சு இப்ப வாத்தியார் ஆகப் போறேன். திங்கட்கிழமைக்குள்ள இது தீரலைன்னா என் வகுப்பை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க."

"இரட்டைப் பிறவி!" என்று துள்ளினாள் மேவிஸ். "உங்க அம்மா மறைச்சு வச்ச அண்ணன்..."

"இரட்டையருக்கும் ரேகை வேற வேறதான். நீ கொஞ்சம் வாயை மூடு, தாயே" என்றார் ஆர்வில். பிறகு ரேலீனிடம், "அன்னிக்கு நீ சந்தையில இருந்தியா?" என்று கேட்டார்.

அவள் முகம் சற்றே மலர்ந்தது. "இல்லாம? ஆப்பிள் பை பலகாரம், ராட்டினம், பன்னிக்குட்டி ஓட்டப் பந்தயம். அப்புறம் மழை பிடிச்சுக்கிச்சு. எல்லாரும் ஷெரிப் கூடாரத்துக்குள்ள ஓடினோம். அங்க சின்னப் பிள்ளைங்களுக்கு ரேகை எடுத்தாங்க."

எங்களுக்கெல்லாம் அது நினைவிருக்கிறது. பிள்ளைகள் காணாமல் போகிறார்கள் என்று ஊரே பயந்து கிடந்த காலம். சந்தையில் பிள்ளையின் விரலில் மை தடவி ஓர் அட்டையில் பதித்து, பத்திரமாக வைத்துக்கொள் என்று தாயிடம் கொடுப்பார்கள். மை கையிலிருந்து போகவே போகாது. அந்தக் கையோடு பலகாரம் தின்றால் அதுவும் கறுப்பு. அந்தக் காலத்தை நினைத்தால் இன்னமும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

"நான் மை போகலைன்னு அழுதேன். பக்கத்து நாற்காலியில உட்கார்ந்திருந்த ஒரு பையன், அவன் கையும் மைதான், தன் கைக்குட்டையால என் விரலைத் துடைச்சு விட்டான்" என்றாள் ரேலீன்.

"எவ்வளவு பெரிய பையன்?"

"மீசை அரும்பியிருந்துச்சு."

ஆர்வில் அவளை நிமிர்ந்து பார்த்தார். "மீசை வச்ச ஆளுக்குச் சின்னப் பிள்ளைங்க மேசையில என்ன வேலை? உங்க அம்மா அந்த அட்டையை வச்சிருக்காங்களா?"

அம்மா அதைக் குடும்ப பைபிளுக்குள் வைத்திருந்தார். மறுநாள் ஹோபர்ட்டே ரேலீனை மறுபடியும் கூட்டி வந்தார். ஆர்வில் அட்டையை விளக்கின் கீழ் வைத்து, பக்கத்தில் மாநில அலுவலகம் அனுப்பிய திருடனின் ரேகைப் படத்தை வைத்தார்.

"மேவிஸ், இப்ப பேசு. என்ன தெரியுது?"

மேவிஸ் உருப்பெருக்கியைப் பிடுங்கிக் கொண்டாள். "திருடன் விரல் இத்துனூண்டு இருக்கு! ரேலீன் விரல் உலக்கை மாதிரி... ஐயோ, மாறிப் போச்சு!"

"அதேதான். மழை, கூட்டம், ஒரே மேசை. திருடனை ஜெயிலுக்குக் கூட்டிட்டுப் போக நேரமில்லாம அங்கேயே ரேகை எடுத்திருக்கான் ஷெரிப் ஆளு. ரெண்டு அட்டையும் மை காயட்டும்னு வச்சுட்டு, அப்புறமா பேர் எழுதியிருக்கான். குழந்தை ரேகை அரசாங்கத்துக்குப் போயிடுச்சு, திருடன் ரேகை பைபிளுக்குள்ள போயிடுச்சு. எந்த அம்மா அட்டையை உத்துப் பாத்தாங்க?"

"அப்ப என் வேலை?"

"இந்த அட்டையோட ஒரு கடிதம் வச்சா தீர்ந்துச்சு. ஆனா அட்டை போனா, பள்ளி வேலைக்கு எடுத்த ரேகைகளோட ஒப்பிட்டு அது யாருதுன்னு மெஷின் கண்டுபிடிச்சிடும்." ஆர்வில் அட்டையை அவள் பக்கம் திருப்பினார். "இந்தக் கட்டைவிரலைப் பாரும்மா."

ரேகைகளின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. ரேலீன் அதைப் பார்த்தாள். பிறகு கதவருகே நின்ற ஹோபர்ட்டின் கையைப் பார்த்தாள். அவர் கோலா பாட்டிலை மெல்லக் கீழே வைத்தார்.

"கரடி" என்றாள் அவள். உடனே அட்டையைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக் கொண்டாள். "வேணாம் ஐயா. வேற வழி பாருங்க. அண்ணா பஸ்ஸை விட்டா எங்க போவார்?"

"குடும்மா அதை" என்றார் ஹோபர்ட். "பத்தொன்பது வயசுப் புத்தி. பொய்ப் பேரு குடுத்தேன். அப்புறம் பஸ் வேலைக்கு ரேகை எடுத்தப்ப செத்தேன்னு நெனச்சேன். குத்தம் எதுவும் இல்லை, சுத்தம்னு வந்துச்சு. திரும்பத் திரும்ப எடுத்தாங்க, சுத்தம், சுத்தம். கடவுளே அழிச்சுட்டார்னு நெனச்சு ஞாயித்துக்கிழமை தவறாம நன்றி சொன்னேன்." புறங்கையால் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "அழிக்கலை. ஒன்பது வயசுப் பொண்ணு தலையில தூக்கி வச்சிருக்கார்."

மேவிஸ் உருப்பெருக்கியை மேசைமேல் வைத்தாள்.

ஹோபர்ட் சட்டைக் கையை மடித்துவிட்டார். "என் ரேகையையும் எடு ஆர்வில். கடிதத்தோட சேர்த்தே அனுப்பு. அவங்களா தேடி வர வேணாம்."

கடையில் இப்போது கண்ணாடியில் விரல் வைத்தால் ரேகை எடுக்கும் இயந்திரம்தான். ஆனாலும் ஆர்வில் இழுப்பறையிலிருந்து பழைய மைத்தட்டை எடுத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாக உருட்டினார். ஹோபர்ட்டின் பேருந்து வேலை நிலைக்குமா என்று ஆர்விலிடம் யாரும் கேட்கவில்லை. அவருக்கும் தெரியாது.

முடிந்ததும் ஹோபர்ட் கறுத்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நீட்டியபடி நின்றார். ரேலீன் கைப்பையைத் துழாவிக் கைக்குட்டையை எடுத்தாள். கட்டைவிரலிலிருந்து தொடங்கினாள்.

"அழாதீங்க அண்ணா" என்றாள். "போயிடும்."