மால்ட் கொட்டகையில் ஒரு பாய் இடம்

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையிலிருந்த மால்ட் கொட்டகைக்கு ரத்தினவேல் மேஸ்திரியாக வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதம். பார்லியை ஊறவைத்து, தரையில் பரப்பி, முளை அரும்பியதும் சூளையில் காயவைத்துச் சாராய ஆலைக்கு அனுப்பவேண்டும், அதுதான் வேலை. வெயில் படக்கூடாதென்று ஜன்னல்களையெல்லாம் அடைத்திருந்ததால் உள்ளே நடுப்பகலிலும் இருட்டு. நறுக்கிய வெள்ளரிக்காய் போல ஈரத் தானியத்தின் வாடை.

வந்த அன்றே பார்த்தான். வடமூலையில் ஒரு பாய் விரிக்கும் அளவுக்குத் தரை வெறுமையாகக் கிடந்தது.

“அங்க ஏன் பரப்பலை?”

“அது வழக்கங்க, மேஸ்திரி,” என்றாள் தானியம் கிளறும் சந்திரம்மாள்.

“வழக்கம் மால்ட் குடுக்குமா? பரப்பு.”

அன்றைக்குப் பிடித்தது சனி.

மற்ற இடத்தில் முளை அரும்பும்போதே அந்த மூலையில் விரல் நீளத்துக்கு ஓடி, வேரோடு வேர் பின்னிக்கொண்டது. கலந்து அனுப்பிய ஈட்டை, அந்தத் தடவைச் சரக்கு முழுவதையும், ஆலை திருப்பிவிட்டது. சூடு பட்டால்தான் முளை அப்படி ஓடும்.

“எவ தானியத்து மேல படுத்துத் தூங்கறது?”

“யாரும் படுக்கலைங்க.”

தண்ணீரை மாற்றினான். விதையை மாற்றினான். தரையைத் தேய்த்துக் கழுவச் சொன்னான். அடுத்த ஈடும் திரும்பி வந்தது. இன்னொன்று கெட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று ஆலையிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஆத்திரத்தில் அன்றிரவு கொட்டகையைத் தானே பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டான்.

காலையில் திறந்தபோது வடமூலையில் நீண்டோடிய முளைகள் ஓர் உருவமாகத் தெரிந்தன.

ஒருக்களித்துப் படுத்த பெண். முழங்கால் மடங்கி, வயிறு பெருத்து.

தொட்டான். ஜுரம் கண்ட உடம்பாய்ச் சுட்டது.

“இருசம்மாங்க,” சந்திரம்மாள் முணுமுணுத்தாள். “நெறமாசத்துல கிளற வந்தா. வலி எடுத்து அங்கதான் சாஞ்சா. தானியத்தை மிதிச்சுக் கெடுக்காதீங்கன்னு பழைய மேஸ்திரி ஒருத்தரையும் கிட்டப் போக விடலை. அங்கயே உசுரு போயிடுச்சு.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கு என்ன?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

பல்லைக் கடித்துக்கொண்டு அந்த மூலைத் தானியத்தை அள்ளிக் கொட்டிவிட்டு, அடுத்த ஈட்டுக்கு அங்கே இடம் விட்டான்.

முளை ஒரே சீராக வந்தது. பார்வையிட ஆலைக்காரர் வரும் நாள் காலையில், லாந்தரோடு கடைசியாக ஒருமுறை சுற்றினான். வெறுந்தரையின் ஓரத்தில், தானியத்துக்குள், ஒரு முழ நீள இடத்தில் மட்டும் முளை ஓடியிருந்தது.

சின்ன உருவம்.

“இது வேறயா! சனியனே!”

வாசலில் வண்டி நிற்கும் சத்தம். பிய்த்துக் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? குந்தி, கையை உள்ளே விட்டான். ஈர வேர்கள் விலகின. கதகதப்பு.

ஏதோ அவன் சுண்டுவிரலைப் பற்றியது.

பிறந்த பிள்ளை பற்றுவதுபோல.

“என்ன மேஸ்திரி, ஈடு தயாரா?” வாசலிலிருந்து ஆலைக்காரரின் குரல்.

விரலை இழுத்தான். பிடி இறுகியது.

பக்கத்து வெறுந்தரையில், யாரோ அவன் பக்கமாகப் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.