முப்பத்தொன்றாம் நட்டு

"பார்த்தேன்" என்றார் பலவேசம்.

மணிக்கட்டில் கட்டியிருந்த மெய்ப்பட்டை ஒரு மூச்சு நேரம் சும்மா இருந்தது. பிறகு சிவந்தது.

கதிர்வண்டியின் பதினெட்டுச் சக்கரங்களும் ஒரே சமயத்தில் டக்கென்று பூட்டிக்கொண்டன. சாவடிக் கூரையில் சங்கு ஊளையிட்டது. ஓட்டுநர் குருபாதம் ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"மறுபடியுமா வே? அதே நட்டா?"

பலவேசம் நிமிரவில்லை. வண்டிக்கு அடியில் குத்துக்காலிட்டபடியே இருந்தார். இடப்பக்கம், முப்பத்தொன்றாம் நட்டு. ரெஞ்சைப் போட்டு இரண்டு தடவை இறுக்கிப் பார்த்தாயிற்று. உள்ளங்கை பூராவும் கிரீஸ். நட்டு கல் மாதிரி நிற்கிறது. ஆனாலும் சிவப்பு.

"நாலு மணி நேரம் போச்சு" என்று குருபாதம் இறங்கினார். "வாரும், டீயாவது குடிப்போம். எப்படியும் காசு குடுக்க விடமாட்டீரு."

அந்தச் சாவடி இருப்பதே கதிர்வண்டிகளுக்காகத்தான். கடற்கரை அணு உலையில் எரித்து முடித்த எரிபொருளை ஈயப் பேழையில் அடைத்து, உள்நாட்டுச் சேமக்கிடங்குக்குக் கொண்டுபோகிற வண்டிகள் அவை. புறப்படுமுன் தொண்ணூற்றாறு இடங்களைக் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டும். முன்னெல்லாம் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தபடியே தொண்ணூற்றாறு கையெழுத்தையும் போட்டவர்கள் உண்டு. அதனால் வாரியம் விதியை மாற்றியது. இனித் தாளை நம்பவேண்டாம், உடம்பைக் கேட்போம் என்றது. சோதிக்கிறவருக்குக் கைச்சான்றர் என்று பெயர் வைத்து மணிக்கட்டில் மெய்ப்பட்டையைக் கட்டியது. ஒவ்வொரு இடத்திலும் கையை வைத்து வாய்விட்டு "பார்த்தேன்" என்று சொல்ல வேண்டும். நாடித் துடிப்பு, வியர்வை, தோலுக்கடியில் ரத்தம் சுடுகிற சூடு மூன்றையும் பட்டை அளக்கும். மனசு உறுத்தாமல் இருந்தால் பச்சை. உறுத்தினால் சிவப்பு. தொண்ணூற்றாறும் பச்சையானால்தான் வண்டி புறப்படலாம். ஒன்று சிவந்தாலும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும், வேறொரு குழு வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும். பார்த்துப் பழுதே இல்லையென்றால் அது வீண் சிவப்பு. ஒரே மாதத்தில் மூன்று வீண் சிவப்பு காட்டியவருக்கு வேலை கிடையாது.

பலவேசத்துக்கு இது மூன்றாவது.

மறுசோதனைக்குத் தொம்மை வந்தான். ஒரு வருஷமாக ஒரு சிவப்புக்கூடக் காட்டாதவன். இந்த இடத்தைத் தொட்டு அந்த இடத்தைப் பார்த்தபடி "பார்த்தேன், பார்த்தேன்" என்று கோயில் மணி அடிக்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போவான்.

"எப்படிடே ஒனக்கு மட்டும் பச்சையா எரியுது?" என்று கேட்டார் பலவேசம்.

"நம்ம ரத்தம் அப்படி அண்ணாச்சி. எதுக்கும் சூடாகாது. கட்டின நாள்ல இருந்து எங்க வீட்டுக்காரி அதத்தான் சொல்லித் திட்டுதா."

முப்பத்தொன்றில் பழுதில்லை என்று தொம்மை சொன்னான். பட்டை பச்சை காட்டியது. அந்த நட்டை அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

விதிகளைத் திருத்துவதற்காக வாரியத்திலிருந்து வந்திருந்த அதிகாரி ஜெசிமா பலவேசத்தை அறைக்குள் கூப்பிட்டார். முப்பத்தைந்து வயது இருக்கும். அதட்டுகிற ஆளில்லை. அதுதான் பலவேசத்துக்குக் கஷ்டமாக இருந்தது. அதட்டினால் தலையைக் குனிந்து நின்றுவிட்டுப் போய்விடலாம்.

"பதினோரு மாசத்துல பத்தொம்பது சிவப்பு. பத்தொம்பதும் ஒரே நட்டுல. ஒருதடவைகூடப் பழுது இல்ல" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். "சாயங்காலத்துக்குள்ள உங்க பேரை எடுக்கணும். காரணம் ஏதாவது சொன்னா எழுதிக்குவேன். என்ன பலவேசம், அந்த நட்டுல என்ன இருக்கு?"

பலவேசம் உள்ளங்கைக் கிரீஸைக் கால்சட்டையில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"சொல்லுதேன் மேடம். ஆனா ஒங்ககிட்ட மட்டும் சொன்னாப் போதாது. குருபாதத்தையும் கூப்பிடணும்."

குருபாதம் டீக் கிளாஸோடு வந்து வாசலில் நின்றார். பலவேசம் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கிளாஸைப் பார்த்துத்தான் பேசினார்.

"பதிமூணு வருஷத்துக்கு முன்ன, பாலத்து வளைவுல ஒம்ம வண்டியில பேழை ஒரு சாண் நகந்துச்சுல்லா. வேகமாப் போனீருன்னு ஒம்ம லைசென்ஸைப் புடுங்கினாங்க. நீரு வேகமாப் போவல வே."

குருபாதம் வாசலை விட்டு உள்ளே ஒரு அடி வைத்தார்.

அப்போது பலவேசம் சோதனைக்காரர் இல்லை. பேழையை வண்டிச் சட்டத்தோடு பிணைக்கிற நட்டுகளை இறுக்குகிற கூலி ஆள். இறுக்கி முடித்ததும் நட்டிலிருந்து சட்டம் வரைக்கும் மஞ்சள் மையால் ஒரு கோடு இழுக்க வேண்டும். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். எழுத்துத் தெரியாத பலவேசத்துக்கு வாசிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அந்த மஞ்சள் கோடுதான். ஒருநாள் புதுமாதிரி நட்டு வந்தது. கூடவே சுவரில் ஒரு தாளும் ஒட்டினார்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று படித்தார்கள். பலவேசமும் நின்றார். மற்றவர்கள் எவ்வளவு நேரம் நின்றார்களோ அவ்வளவு நேரம் நின்று, அவர்கள் தலையாட்டின மாதிரியே தலையாட்டிவிட்டு வந்தார். என்ன போட்டிருக்கிறது என்று பக்கத்து ஆளைக் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. நாற்பத்திரண்டு வயசில் எப்படிக் கேட்பது?

"முப்பத்தொண்ணை எறுக்கினேன். கோடு போட்டேன். போயிட்டேன்" என்றார். "விசாரணையில கோடு எங்க, யாரு போட்டதுன்னு கேட்டப்ப, வளைவு வேகத்துலதான் எல்லாம் கழண்டிருக்கும்னு சொன்னாங்க. நான் ஆமான்னு நின்னேன். அப்புறம் ரெண்டு வருஷம் கழிச்சு, தொழிலாளர் பள்ளியில போய் எழுத்துப் படிச்சேன். அந்தத் தாள் செவத்துலயே இருந்துச்சு. முழுசா எழுத்துக் கூட்டி நான் படிச்ச மொத வரி அதுதான் மேடம். 'இறுக்கி இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் இறுக்கவும்.'"



"லைசென்ஸ் திரும்பக் கிடைக்க மட்டும் ஆறு வருஷம் உப்பளத்துல உப்பு வாரினேன்" என்றார் குருபாதம் மெதுவாக. "காலெல்லாம் வெடிச்சு, வெடிச்ச எடத்துல உப்பு எறங்கும். ராத்திரி படுக்க முடியாது. எம் பொண்டாட்டி கேப்பா, நெசமாவே வேகமாப் போனீயளான்னு. நானே போனேனோ என்னமோன்னு நெனைக்க ஆரம்பிச்சிட்டேன் வே. என் கால்மேலயே எனக்குச் சந்தேகம்."

பலவேசத்தின் தலை இன்னும் தாழ்ந்தது.

குருபாதம் பாதி குடித்த கிளாஸை மேசையில் வைத்தார். "தெனமும் டீ வாங்கித் தந்தீரே, இந்த மனுசனுக்கு நம்ம மேல என்ன இம்புட்டு அக்கறைன்னு நெனச்சேன். இனிமே டீ வேண்டாம். போவும், வந்து வண்டியப் பாரும். நேரமாவுது."

அவ்வளவுதான். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது பலவேசத்துக்கு.

ஜெசிமாவின் அனுமதியோடு போய் முப்பத்தொன்றில் மறுபடி கை வைத்தார். "பார்த்தேன்" என்றார். பட்டை பச்சையாக எரிந்தது. பதினோரு மாதத்தில் அந்த நட்டில் அவர் பார்த்த முதல் பச்சை.

ஜெசிமாவுக்கு ஏதோ புதையல் கிடைத்த மாதிரி முகம். "கருவியில கோளாறே இல்ல பலவேசம். பழைய பாரம்தான் குறுக்க நின்னிருக்கு. இறக்கி வெச்சதும் சரியாயிடுச்சு, பாத்தீங்களா?" என்று சொல்லி அன்றைக்கே புது விதியை எழுத உட்கார்ந்தார். பலவேசத்தின் வேலை தப்பியது.

அதற்குப் பிறகு எல்லாம் லேசாகிவிட்டது. தொண்ணூற்றாறும் பச்சை, நாள் தவறாமல். ஒரு வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் எடுத்தவர் முக்கால் மணியில் முடித்தார். சோறு ருசித்தது. தூக்கம் வந்தது. குருபாதம் மட்டும் பேசவில்லை. அதுவும் போகப்போகப் பழகிவிட்டது.

ஐந்தாவது வாரம் ஒரு முற்பகலில் குருபாதத்தின் வண்டியை அனுப்பிவிட்டுக் கைகழுவப் போனார் பலவேசம். குழாயைத் திறந்து கையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

கை சுத்தமாக இருந்தது.

ஒரு சொட்டு கிரீஸ் இல்லை. மாட்டின இடத்திலேயே ரெஞ்ச் தொங்கியது. எந்த நட்டைத் தொட்டார்? நினைத்து நினைத்துப் பார்த்தார். வாய் "பார்த்தேன்" என்று சொன்னது ஞாபகம் இருந்தது. குனிந்தது ஞாபகம் இல்லை. முப்பத்தொன்றில் குனிந்தாரா? இல்லை. சத்தியமாக இல்லை. உறுத்தல் இருந்த நாளெல்லாம் அந்த நட்டுதான் அவரைக் காலைப் பிடித்து இழுத்துக் கீழே உட்கார வைத்தது. இப்போது இழுக்க ஆள் இல்லை.

சாவடித் தூணில், போன வண்டியைத் திரும்ப அழைக்கும் பொறி இருந்தது. ஓடிப்போய் அதில் மணிக்கட்டை வைத்தார்.

"முப்பத்தொண்ணைப் பாக்கல" என்று கத்தினார். "நான் பாக்கவே இல்ல!"

பொறி அவருடைய நாடியைக் கேட்டது. வியர்வையைக் கேட்டது. மனுஷன் சொல்வது உண்மைதான் என்று கண்டது. பச்சை எரிந்தது. 'சான்று உறுதி செய்யப்பட்டது. பயணம் தொடரலாம்' என்று திரையில் எழுத்து ஓடியது.

பலவேசம் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். மறுபடி கத்தினார். மறுபடி பச்சை. உண்மையைச் சொல்கிறவனுக்கு அது வேறென்ன காட்டும்? நட்டைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மனுஷன் மட்டும்தான்.

ஓடுகிற கதிர்வண்டிக்குள் போன் எடுக்காது, அதுவும் விதி. ஆனால் முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அது போகவும் போகாது. பலவேசம் ரெஞ்சைத் தோளில் போட்டுக்கொண்டு தொம்மையின் பைக்கை எடுத்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டி அங்கே நின்றது.

"என்ன வே, எமன் மாதிரி வாறீரு?" குருபாதம் ஐந்து வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார்.

பலவேசம் தார்ச்சாலையில் மல்லாந்து படுத்து வண்டிக்கடியில் ஊர்ந்தார். முப்பத்தொன்றில் மஞ்சள் கோடு இரண்டாக உடைந்திருந்தது. ரெஞ்சைப் போட்டார். நட்டு கால் சுற்றுத் திரும்பியது.

வெளியே வந்தபோது குருபாதம் ரோட்டில் நின்றுகொண்டிருந்தார்.

"திரும்பிச்சா?"

"கால் சுத்து."

குருபாதம் பேழையைப் பார்த்தார். சாலையில் அடுத்து வரப்போகிற பாலத்தின் பக்கம் பார்த்தார். "இந்தத் தடவையும் நான்தான் வேகமாப் போயிருப்பேன்" என்றார்.

நடந்ததையெல்லாம் பலவேசம் ஜெசிமாவிடம் போய்ச் சொன்னார். அவர் கவனமாகக் கேட்டார். திரையைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "பதிவுல தொண்ணூத்தாறும் பச்சை. திரும்ப அழைக்கிற பொறியிலயும் பச்சை. நான் எதை வெச்சு எழுத?" என்றார். அப்புறம், "புது விதி அச்சுக்குப் போயிடுச்சு பலவேசம்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவரும் அந்த நேரத்தில் திரையைத்தான் பார்த்தார், பலவேசத்தை அல்ல.

விதிப் புத்தகம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தொம்மை அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான்.

"அண்ணாச்சி, நீங்க புத்தகத்துல வந்துட்டிய! ஏழாம் விதி, பாருங்க!"

குருபாதத்தின் வண்டி அப்போது சோதனையில் நின்றது. முப்பதாம் நட்டு முடிந்து முப்பத்தொன்றில் கை வைத்திருந்தார் பலவேசம். இடது கையில் புத்தகத்தை வாங்கினார். எழுத்து எழுத்தாக, விரலால் ஓட்டாமல், கண்ணாலேயே படித்தார். கைச்சான்றர்கள் திங்கட்கிழமைதோறும் வேலைக்கு முன் தனியறையில் தங்கள் பழைய உறுத்தல்களைச் சொல்லி இறக்கிவிட வேண்டும். சிவப்பு காட்டியவரை இனி வேலையை விட்டு நீக்க வேண்டாம், அடுத்த திங்களன்று அவரும் அந்த அறைக்கு வந்தால் போதும். வீண் தாமதத்தைத் தவிர்க்கும் இவ்வேற்பாடு எல்லாச் சாவடிகளிலும் நடைமுறைக்கு வருகிறது. இது 'பலவேசம் முறை' எனப்படும்.

தன் பெயரை அச்சில் அவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஐந்து எழுத்து. ஒரு பிழை இல்லாமல் போட்டிருந்தார்கள்.

"என்ன வே போட்டிருக்கு?" என்று ஜன்னலிலிருந்து கேட்டார் குருபாதம். "சத்தமாப் படியும், நானும் கேக்கேன்."

பலவேசம் புத்தகத்தை மூடினார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது வே" என்றார்.

சொன்னதும் காது சுட்டது. கழுத்து சுட்டது. அன்றைக்குச் சுவர் முன்னால் நின்று சும்மா தலையாட்டினபோது சுட்டது எப்படியோ, அப்படியே. மணிக்கட்டைப் பார்க்காமல், "பார்த்தேன்" என்று சொன்னார்.

பட்டை சிவந்தது. பதினெட்டுச் சக்கரங்களும் டக்கென்று பூட்டின. சங்கு ஊளையிட்டது.

"ஐயோ அண்ணாச்சி!" என்று தலையில் கை வைத்தான் தொம்மை. "மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதான். குனிஞ்சு பாரு. ஒவ்வொண்ணா ரெஞ்சைப் போட்டுப் பாரு. நான் பக்கத்துலயே நிக்கேன்."

குருபாதம் இறங்கி வந்தார். பலவேசத்தின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கடைப்பக்கம் நடந்து போய் இரண்டு டீயோடு திரும்பினார்.

பலவேசம் கிளாஸை வாங்கிக்கொண்டார். முகம் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அந்த அறையில் உட்கார வைத்து, இந்தச் சூட்டையும் இறக்கிவிடுவார்கள். அதற்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. அதற்குள் பதினோரு வண்டிகள் போக வேண்டும்.