இரண்டாம் பக்கம்

இப்போது இருக்கிற ஜனங்களுக்கு ஒரு பாட்டை முழுசாகக் கேட்கத் தெரியாது. காதுக்குப் பின்னால் செவிச்சில்லு பதித்துக்கொண்டு திரிகிறார்கள். மனம் லேசாகச் சலித்தால் போதும், சில்லே அதைக் கண்டுபிடித்து அடுத்த பாட்டுக்குத் தாவிவிடும். போன வாரம் ஒரு சாவு வீடு. பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் ஆளுக்கொரு பாட்டு. செத்தவரின் தம்பி தொடையில் தாளம் போட்டுக்கொண்டே அழுதான். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்த்தால்தானே எடுத்துக்கொள்வதற்கு!

நிலவின் பாறைக்கு அடியில் இருக்கும் ஆறாம் குடியிருப்பில் சில்லு வைக்காத ஆள் சீனிச்சாமி ஒருவர்தான். அந்தக் குடியிருப்பைக் குடைந்தவர்களில் அவரும் ஒருவர். பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போனதில்லை. தலைக்குள் எதையாவது வைக்கிறேன் என்று எவன் வந்தாலும் கதவைச் சாத்திவிடுவார். அவரிடம் ஒரு ரிக்கார்டு பிளேயரும் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் இருந்தன. பூமியிலிருந்து வந்த சரக்கு. நிலவில் எதற்கும் எடை போதாது. முள் தட்டின் மேல் அழுந்தாமல் துள்ளும். அதனால் முள் இருக்கும் கையின் நுனியில் ஓர் இரும்பு நட்டை ஒட்டிவைத்தார். அதன் பிறகு ஒழுங்காகப் பாடியது.

தினமும் வேலை முடிந்து விளக்குகள் மங்கியதும் தட்டுப் போடுவார். பக்கத்தில் அவருடைய ஏவலி வந்து உட்காரும். ஏவலி என்றால் வீட்டு வேலை செய்கிற இயந்திரம். துரை என்று பெயர் வைத்திருந்தார், கிண்டலாகத்தான். துரை கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முள் விழுந்ததிலிருந்து எழும்வரை அசையாமல் கேட்கும். பக்கம் முடிந்தால் எழுந்து, தட்டை ஓரத்தில் மட்டும் பிடித்துத் திருப்பிப் போடும்.

“நெசமாவே கேக்குறியா, கேக்குற மாதிரி உக்காந்திருக்கியாடா?”

“கேக்குறேங்கய்யா.”

“அப்படிச் சொல்லச் சொல்லித்தான உன்னையச் செஞ்சு அனுப்பிருக்கான்.”

பன்னிரண்டு வருஷமாக இதே கேள்வி, இதே பதில். ஒருநாளும் அவர் நம்பியதில்லை.

ஆனால் பன்னிரண்டு வருஷம் உழைத்த ஏவலியின் நினைவைக் கழுவிவிட வேண்டும் என்பது சட்டம். பழைய நினைவு சேர்ந்தால் முரண்டு பிடிக்கும் என்று பயம். மனிதனுக்கு உள்ளது போன்ற ரசனை அதற்கு இருப்பதாகச் சோதனையில் தேறினால் மட்டும் விட்டுவிடுவார்கள். துரைக்கு நாளைக்குக் கழுவல். உத்தரவு வந்த நாளிலிருந்து சீனிச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கழுவினாலும் துரை திரும்பி வரும். கூட்டும், துடைக்கும், கஞ்சி வைக்கும். தட்டுப் போட்டால் மட்டும் அடுப்படியிலேயே நிற்கும்.

சோதிக்க வந்த அதிகாரி தாட்சாயணி, மூன்று காலில் நிற்கும் ஒரு கருவியை அறை நடுவில் வைத்தாள். ரசனைமானி. கேட்கிறவரின் கவனம் எப்படி நகர்கிறது என்று அளக்கும். மனித ரசனை என்றால் பச்சை, இயந்திரம் என்றால் சிவப்பு. சாட்சிக்குப் பக்கத்து வீட்டு லூர்துசாமி வந்திருந்தார். அவர் வீட்டில் சுவர் மறைய இசைத்தட்டுகள் அடுக்கியிருக்கும். ஒன்றுகூட உறை பிரித்ததில்லை. பிளேயரே கிடையாது.

துரை ஒரு நாதஸ்வரத் தட்டை எடுத்து முள்ளை வைத்தது. மடியில் கை வைத்து உட்கார்ந்தது.

“அண்ணாச்சி, இது முதல் பதிப்பாச்சே!” என்றார் லூர்துசாமி. உறையை முன்னும் பின்னும் படம் பிடித்தார். “இதப் போயி ஓட்டுதியளே, மதிப்பு போயிருமே. இந்தப் படத்தப் போட்டா நம்ம சேகரிப்புக் கூட்டத்துல ஒருத்தனுக்கும் தூக்கம் வராது.”

“வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, லூர்து.”

பக்கம் முடிந்தது. மானி லூர்துசாமியின் பக்கம் பச்சையாக எரிந்தது; துரையின் பக்கம் திரும்பிச் சிவந்தது.

“துரை தேறலங்கய்யா,” என்றாள் தாட்சாயணி.

“ஏம்மா? ஒரு இம்மி அசையாமக் கேட்டானே!”

“அதாங்கய்யா சிக்கலே. மனுஷங்க அப்படிக் கேக்க மாட்டாங்க. லட்சக்கணக்கான பேர அளந்து செஞ்ச கருவி இது. சார் பக்கம் பாருங்க. இவ்வளவு பச்சைய நானே பாத்ததில்ல.”

லூர்துசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

சீனிச்சாமி தட்டைக் காட்டினார். “இன்னொரு பக்கம் இருக்கு தாயி. அதையும் பாத்துட்டுச் சொல்லு.”

அவள் சரி என்றாள். துரை தட்டைத் திருப்பும்போது அவர் குனிந்து அதன் காதருகே கிசுகிசுத்தார்.

“லூர்து என்ன செய்றானோ அதையே செய்யி.”

“அப்படிச் செஞ்சா பாட்டுக் கேக்க முடியாதேங்கய்யா.”

“கேக்காட்டிப் போகுது. உசுரோட இருப்பேல்ல?”

முள் விழுந்தது. துரை உறையைக் கையில் எடுத்தது.

“இந்த மாதிரி இப்ப எவன் வாசிக்கிறான்?” என்றது. உறையைப் படம் பிடித்தது. “இதுக்கு நீல உறையில ஒண்ணு இருக்காமே? அது கெடச்சா சொல்லுங்க சார்.” ராகம் ஏறிக்கொண்டிருக்கும்போதே எழுந்து டீ வேண்டுமா என்று கேட்டது.

“நீலமா? எங்கிட்ட ரெண்டு கெடக்கே!” லூர்துசாமிக்கு ஒரே குஷி. இத்தனை நாள் இவனிடம் பேசாமல் போனோமே என்று வருந்தினார். இரண்டு பேரும் விடாமல் பேசினார்கள். சீனிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு, கண்களை மூடி அசையாமல் கேட்டார். அந்த வித்வானுக்கு ஒரு ஆளாவது வேண்டாமா?

பக்கம் முடிந்தது. மானி துரையைப் பார்த்துப் பச்சையாக எரிந்தது. தாட்சாயணி அதன் மார்பில் முத்திரை ஒட்டினாள். சீனிச்சாமி மூச்சு விட்டார்.

மானி நிற்கவில்லை. மெல்லத் திரும்பி அவருக்கு நேராக நின்றது. சிவந்து, கீச்சென்று கத்தியது.

“ஐயா, தப்பா நெனைக்காதீங்க,” என்றாள் தாட்சாயணி. “நாளைக்குக் காலையில ஆபீசுக்கு ஒரு நடை வந்துருங்க. துரையக் கழுவுறதுக்கு ஒரு எடம் ஒதுக்கிட்டோம், அது இப்ப காலியா இருக்கு. நீங்க மனுஷன்தான்னு உறுதியாயிட்டா வீட்டுக்கு அனுப்பிருவோம்.”

“நான் மனுஷனா இல்லையான்னு இந்த டப்பாவா சொல்லும்?”

“நான் வேணும்னா சாட்சிக்கு வாறேங்கய்யா,” என்றது துரை. “என் சாட்சி இனிமே செல்லும்.”

மானியைத் தூக்கிக்கொண்டு அவள் போனாள். படத்தை யாரிடமோ காட்டுகிற அவசரத்தில் லூர்துசாமியும் போய்விட்டார்.

“ஐயா, கடைசியில சுரம் எறங்கி வந்த எடத்தப் பேச்சுல விட்டுட்டேன். இன்னொரு தடவ போடலாமா?”

சீனிச்சாமி அதையே முறைத்துப் பார்த்தார். இதுவும் லூர்துவிடம் கற்றதுதானோ? வெளியே வந்து சுரங்கப்பாதையில் நடந்தார்.

பின்னால் முள் விழுகிற சத்தம் கேட்டது. இரண்டாம் பக்கம், ஆரம்பத்திலிருந்து. நடுவில் யாரும் பேசவில்லை. அறையில் துரையைத் தவிர யாரும் இல்லை. அவர் நடை கொஞ்சம் தளர்ந்தது.

‘எனக்குக் கேக்கும்னு தெரிஞ்சே போட்டிருப்பான்’ என்று முணுமுணுத்துவிட்டு மேலே நடந்தார்.